பிள்ளை அழுதது பிழையோ?

அமைதிக்கும் இப்போது விலை குறித்துவிட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் கொறென்டன் என்ற விமான நிறுவனம், ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரிலிருந்து கரீபியக் கடலிலுள்ள குராசோ தீவுக்குப் பறக்கும் தனது விமானத்தில், பதினாறு வயது நிரம்பாதோர் அமரக் கூடாத ஒரு பகுதியை வகுத்தது. அங்கே அமர விரும்புவோர் 45 யூரோ மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். இது முதல் முயற்சியுமன்று. 2011இல் மலேசிய விமான நிறுவனம் தன் பெரிய விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லையென்றது. 2013இல் எயர் ஏசியா எக்ஸ் நிறுவனமும் சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனமும், 2016இல் இந்தியாவின் இண்டிகோ நிறுவனமும் சிறுவர்களை விலக்கிய 'அமைதி வரிசை'களை அறிமுகஞ் செய்தன.

இவற்றின் அடியில் கிடக்கும் எண்ணம் என்ன? குழந்தையின் அழுகை ஒரு குற்றம். அந்தக் குற்றத்திலிருந்து தப்பிக்கக் காசுள்ளவன் காசு கொடுக்கலாம். காசு கொடுக்க மனமில்லாதவன் குழந்தையின் தாயைச் சினந்து தன் மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். எந்த விமானத்திலும் இது எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் கைக்குழந்தையோடு விமானத்தில் ஏறிய எந்தத் தாயைக் கேட்டாலும், எழுதப்படாத இந்தச் சட்டத்தை அவள் மனப்பாடமாக ஒப்புவிப்பாள்.

வயலும் குளமும் காடும் சூழ்ந்த வன்னிக் கிராமமொன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஆகாய விமானத்தைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். விமானம் இன்று கனவான்களின் வாகனம் மட்டுமன்று. யுத்தம் எங்கள் குடும்பங்களைக் கண்டங்களெங்கும் சிதறடித்துவிட்டது. தமையன் பாரிஸில், தங்கை ரொறன்ரோவில், தாய் கிளிநொச்சியில் என்பது எங்கள் வீடுகளின் சாதாரணக் கணக்கு. கலியாணம் முடித்த சில வாரங்களில் கணவன் திரும்பிப் போய்விடுவான். குழந்தை இங்கே பிறக்கும். பத்திரங்கள் சரிவந்தபின் தாயும் குழந்தையும் குறித்த திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸிலும் தனியே தூரப் பிரயாணம் செய்திராத ஒரு பெண், தன் வாழ்வின் முதல் விமானத்தில், கைக்குழந்தையோடு தனியே உலகின் மறுபாதிக்குப் பறக்கிறாள். இது வன்னியின் பிரச்சினையல்லாமல் வேறு யாருடைய பிரச்சினை?

சென்ற ஆண்டு அப்படிப் போன ஒருத்தி உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். ஏழு மாதக் குழந்தை. கணவன் ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவுவேலை செய்பவன். மாலையில் வானில் ஏறி, வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என்று இரவெல்லாம் ஓடி, விடியுமுன் கட்டுநாயக்காவில் இறங்கியிருக்கிறாள். கூட வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். அதற்கப்பால் ஒரு தோளில் பை, மறு தோளில் குழந்தை, பல்லிடுக்கில் கடவுச்சீட்டு. வளைகுடா நகரொன்றுக்கு ஐந்து மணி நேரம். அங்கே காத்திருப்பு ஆறு மணி நேரம். அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணி நேரம். வீட்டுப் படலையிலிருந்து எண்ணினால் ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட பிரயாணம்.

தடுப்புச் சுவரில் குழந்தைத் தொட்டில் மாட்டக்கூடிய முன்வரிசை இருக்கை வேண்டுமென்று கணவன் முன்கூட்டியே கேட்டிருந்தான். விமானத்தில் ஏறியபோது அந்த வரிசையில் மூன்று ஆண்கள் காலை நீட்டி அமர்ந்திருந்தனர். கால் நீட்டுவதற்கு அதிக இடமுள்ள வரிசையென்று அதற்குத் தனிக் கட்டணம் வைத்து நிறுவனம் விற்றுவிட்டிருந்தது. இவளுக்குக் கிடைத்தது நடுவரிசையின் நடு இருக்கை.

முதல் விமானத்தில் அவளருகே அமர்ந்திருந்தவள் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் ஒரு சிங்களப் பெண், அனுராதபுரத்துப் பக்கத்தவள். இருவருக்கும் பொதுவான சொற்கள் பத்துக்கூட இல்லை. குழந்தை அழத் தொடங்கியதும் அவள் ஒன்றும் கேட்காமல் இரு கைகளையும் நீட்டினாளாம். தோளில் போட்டு, நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தாளாம். தாய் சாப்பிட்டாள், கழிவறைக்குப் போய் வந்தாள். இறங்கும் வேளையில் அந்தப் பெண் தன் கைத்தொலைபேசியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் படத்தைக் காட்டினாளாம். தன் மகனென்று சொல்ல மொழி வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது விமானத்தில் அருகே இருந்தவர் நம்மவர். ரொறன்ரோவில் நெடுங்காலமாக வாழ்பவர். ஊர்க் கோவில் திருவிழாவுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார். எந்த ஊர், எந்தப் பகுதி என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். குழந்தை முதன்முறை அழுதபோது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை அழுதபோது நீண்ட மூச்சு விட்டார். மூன்றாம் முறை அழுதபோது சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையைக் கொஞ்சம் அடக்கிப் பிடியும். நாங்களும் காசு குடுத்துத்தான் வந்தனாங்கள்."

மிகுதிப் பிரயாணத்தின் பெரும்பகுதியை அவள் கழிவறைக்கு முன்னாலுள்ள ஒடுக்கமான இடத்தில் நின்றே கழித்திருக்கிறாள். போய்ச் சேர்ந்து ஒரு கிழமை சென்றபின் தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இறுதியில் ஒரு கேள்வி கேட்டாள்: "சேர், பிள்ளை அழுதது பிழையோ?"

நான் அன்று ஏதோ ஆறுதல் சொல்லி முடித்துவிட்டேன். அது ஆறுதல் சொல்லி மூடிவிட வேண்டிய கேள்வியன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆகவே இதை எழுதுகிறேன்.

குழந்தை விமானத்தில் ஏன் அழுகிறது? முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் மனிதன் மூச்சுவிட முடியாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆயினும் அந்த அழுத்தம் தரையிலுள்ள அழுத்தத்துக்குச் சமமானதன்று. ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி வரையான ஒரு மலையுச்சியில் இருப்பதற்கே ஒப்பானது. விமானம் இறங்கும்போது இந்த அழுத்தம் கூடிக்கொண்டே வரும். செவிப்பறைக்குப் பின்னுள்ள சிறு அறையையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் காதின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் அழுத்தம் சமமாகும். பெரியவர்கள் கொட்டாவி விட்டும் உமிழ்நீர் விழுங்கியும் அதைத் திறந்துகொள்கிறார்கள். குழந்தைக்கோ அந்தக் குழாய் ஒடுக்கமானது. சரிவின்றிக் கிடையாகக் கிடப்பது. திறப்பது எப்படியென்ற அறிவும் குழந்தைக்கில்லை. செவிப்பறை உள்நோக்கி இழுபட, நோவு பொறுக்காமல் அழுகிறது. அந்த வேளையில் பாலூட்டினால் குழந்தை விழுங்கும், குழாய் திறக்கும், நோவு குறையும். இவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சிறு உண்மையை அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்? பயணச்சீட்டு விற்ற முகவர் சொல்லவில்லை. விமானத்தில் ஒலித்த அறிவிப்புகளிலும் அது இல்லை. அருகிலிருந்த கனவான் அறிந்திருக்கவில்லை. ஒருவரும் சொல்லிக் கொடுக்காத பாடத்தில் அவளுக்குப் புள்ளி குறைத்தார்கள்.

இனி அமைப்பைப் பார்ப்போம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள், வெளிநாட்டுப் பிரயாணத்தில், பெரியவரின் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அறவிடுகின்றன. இது குழந்தைகளுக்குக் காட்டும் சலுகை போலத் தோன்றும். ஆனால் அந்தப் பணத்துக்கு அவர்கள் கொடுப்பது என்ன? இருக்கை இல்லை. தாயின் மடியே இருக்கை. ஐரோப்பாவில், தாயின் கச்சையோடு கோத்த ஒரு சிறு கச்சையைக் குழந்தையின் இடுப்பில் கட்டுவார்கள். அமெரிக்காவிலோ அதுவுமில்லை, தாயின் கைகளே கச்சை. முன்னாளில் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து அங்குலமாயிருந்த இருக்கைகளுக்கிடையேயான இடைவெளி இன்று முப்பத்தொன்றாகவும், சில விமானங்களில் இருபத்தெட்டாகவும் சுருங்கிவிட்டது. ஒருவரே முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு உயிர்களை வைத்துப் பதினான்கு மணி நேரம் பறக்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டு உயிர்களும் சத்தமிடக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறார்கள்!

மடிப் பிரயாணம் வசதிக்குறைவு மட்டுமன்று, அது உயிராபத்து. 1989ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த யுனைற்றெட் 232 என்ற விமானத்தின் வாற்புற இயந்திரம் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பும் சாதனங்களெல்லாம் செயலிழந்தன. அதில் 296 பேர் இருந்தனர். மடியில் இருந்த குழந்தைகள் நால்வர். சூ சிற்றி என்ற இடத்தில் விமானம் மோதி விழப்போவது உறுதியாயிற்று. அன்றைய நடைமுறைப்படி, மடிக்குழந்தைகளைப் போர்வையாற் சுற்றிக் காலடியில் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுண் தாய்மாருக்குச் சொன்னார். விமானம் மோதிய வேகத்தில் எந்தத் தாயின் கையால் பிடித்துவைக்க முடியும்? 112 பேர் மாண்டனர். நான்கு குழந்தைகளில் ஒன்று இறந்தது. எரியும் விமானத்துக்குள் தன் பிள்ளையைத் தேடி மீண்டும் நுழைய முயன்ற ஒரு தாயை அந்தப் பணிப்பெண்ணே வழிமறித்துத் தடுக்க நேர்ந்தது. அதன் பின் ஜான் பிரவுண், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் கச்சையும் வேண்டுமென்று ஆண்டாண்டாகப் போராடினார்.

அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் சபை 1990இலேயே அந்தக் கோரிக்கையைச் சரியென்று கூறிப் பரிந்துரைத்தது. சட்டம் செய்ய வேண்டிய விமான நிர்வாகமோ இணங்கவில்லை. 2005இல் அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: தனி இருக்கைக்குப் பணம் கேட்டால் பெற்றோர் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள், வீதியில் இன்னும் அதிகமான குழந்தைகள் இறப்பார்கள். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை. குழந்தையின் இருக்கைக்குப் பெற்றோர்தான் முழுப்பணமும் கொடுக்க வேண்டுமென்று விதித்தவர் யார்? உயிர்காக்கும் அங்கிக்கும், பிராணவாயு முகமூடிக்கும், அவசர வாசலுக்கும் தனித்தனியே கட்டணம் கேட்கிறார்களா? அவற்றின் செலவை எல்லாப் பயணச்சீட்டுகளிலும் பகிர்ந்துதானே போடுகிறார்கள்? விமானம் எழும்போதும் இறங்கும்போதும் தேநீர்க் கேத்தலைக்கூடப் பூட்டி வைக்க வேண்டுமென்பது விதி. பூட்டில்லாத கேத்தல் ஆபத்து. கட்டில்லாத பிள்ளை சலுகை. இது என்ன நியாயம்?

ஆனாலும், மற்றப் பிரயாணியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அவனும் உழைத்த காசைக் கொடுத்தே வந்திருக்கிறான். இறங்கிய மறுநாட் காலை வேலைக்குப் போக வேண்டியவன். நோயாளியாக இருக்கலாம்; சாவீட்டுக்குப் போகிறவனாக இருக்கலாம். பதினான்கு மணி நேரம் பக்கத்திலே ஒரு குழந்தை அழுதுகொண்டிருப்பது எவருக்கும் இன்பமன்று. அவனுக்கு உறக்கம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவனுடைய கோபம் போகும் திசையையே மறுக்கிறேன். முழங்காலை மடக்கிவைத்தது குழந்தையன்று. தொட்டில் வரிசையை விற்றுத் தின்றது தாயன்று. இரண்டு உயிரை ஓரிருக்கையில் திணித்தது அவளன்று. இவற்றையெல்லாம் செய்த நிறுவனம் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. தாய் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாள். எட்டாதவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை எட்டியவளிடம் கேட்கிறான்.

இந்தப் பழக்கம் வன்னியில் எங்களுக்குப் புதியதன்று. அதன் கொடூரமான வடிவத்தை நாங்கள் அனுபவித்திருக்கிறோம்.

என் மாணவியின் தலைமுறைக்கு விமானம் என்றால் பிரயாணமன்று. கிபிர் என்றும் வண்டு என்றும் பெயர் வைத்து, அவற்றின் இரைச்சலைக் கொண்டே எது வருகிறதென்று சொல்லக்கூடிய பிள்ளைகள் அவர்கள். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானப்படையின் குண்டுகள் விழுந்து பாடசாலை மாணவிகள் பலர் மாண்ட செய்தி வந்தபோது அவளுக்கு எட்டு வயது. 2009இல் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தபோது பதினொரு வயது. எனக்கு அப்போது பத்தொன்பது. இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் பாய்வோம். மண்மூட்டைகளுக்கிடையே பத்துப் பதினைந்து பேர். அங்கே ஒரு குழந்தை அழுதால் என்ன நடக்கும்? "வாயைப் பொத்து" என்று ஒரு குரல் எழும். உடனே இன்னொரு குரல். தாய் நடுங்கும் கையால் பிள்ளையின் வாயைப் பொத்துவாள். நானும் அப்படிச் சொன்னவர்களுள் ஒருவன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆயினும் மறைப்பது முறையன்று.

ஆகாயத்தில் இரைந்து செல்லும் யுத்த விமானத்துக்குப் பங்கரில் அழும் குழந்தையின் குரல் கேட்குமா? கேட்காதென்று எங்களெல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அடக்கினோம்? மேலே இரைந்ததை நிறுத்தும் வல்லமை எங்களுக்கு இருக்கவில்லை. நிறுத்தக்கூடிய சத்தம் ஒன்றே ஒன்றுதான் எங்கள் நடுவில் இருந்தது. அதை நிறுத்தினோம்.

யுத்த விமானத்தையும் பிரயாணிகள் விமானத்தையும் ஒப்பிடுவது மிகையென்று சிலர் சொல்லலாம். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே உயிர் போயிற்று. இங்கே உறக்கம் போகிறது. ஆனால் மனித மனம் இரண்டிடத்திலும் ஒரே வழியில் இயங்குகிறது. பலமுள்ளவன் தரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும், பலமற்றவன் தரும் சிறு தொல்லையைப் பொறுக்க மாட்டாமல் சீறுவதும் அடிமைப்பட்ட மனத்தின் குணம். அன்று விமானத்துக்கு அஞ்சி வாய் பொத்தப்பட்ட தலைமுறைச் சிறுமி, இன்று தாயாகி விமானத்தினுள்ளேயே ஏறியிருக்கிறாள். இன்றும் அவளுக்குக் கிடைத்த கட்டளை அதே கட்டளைதான். சொன்னவர் வேற்று மனிதருமல்லர். அந்த மண்ணிலிருந்து போனவர்.

நம்மவரின் மனப்பான்மையை இன்னும் சற்றுத் துருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனிப் பிரபந்த வகையையே படைத்த மொழி நம்முடையது. கடவுளரையும் அரசரையும் குழந்தையாக்கிப் பத்துப் பருவம் வகுத்துப் பாடினோம். செங்கீரையாடுவது, சப்பாணி கொட்டுவது, முத்தம் தருவது, சிற்றில் சிதைப்பது எல்லாம் அதில் உண்டு. அழுகைப் பருவம் என்று ஒன்று மாத்திரம் இல்லை! பாட்டுடைத் தலைவரான குழந்தைக்குக் காதுநோவும் வயிற்றுநோவும் வருவதில்லை போலும். ஆனால் புராணம் நம்மைவிடப் பெருந்தன்மையுடையது. சீர்காழிக் குளக்கரையில் தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுக் குழந்தையை யாரும் அதட்டவில்லை. அம்மையே வந்து பாலூட்டினாள் என்கிறது. அந்தக் குழந்தையைச் சம்பந்தரென்று கோவிலில் வைத்துக் கும்பிடுகிறோம். குருபூசை செய்து அன்னதானம் கொடுக்கிறோம். திருவிழா முடித்து, திருநீறு அழியாத நெற்றியோடு விமானத்தில் ஏறியபின், பக்கத்து இருக்கையில் அழுத குழந்தையை அடக்கச் சொல்கிறோம். கல்லில் வடித்த குழந்தை சத்தமிடாது என்பதுதான் அதன்மேல் நாம் வைத்த பக்தியின் இரகசியமா?

இந்த இடத்தில், முதல் விமானத்தில் கைநீட்டிய பெண்ணை நினைக்க வேண்டும். அவளும் தாய். ஆனால் அவளுடைய பிள்ளை அவளுடன் இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள பெண்கள் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகக் கூடாதென்று 2013இல் இலங்கை அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதியைக் கொண்டுவந்தது. நாடு வெளிநாட்டு நாணயத்துக்குத் தவித்த 2022இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. மூன்று ஆண்டுத் தாய்ப்பாசத்தின் பெறுமதியை நாணயமாற்று வீதமே தீர்மானித்துவிட்டது! பிள்ளையை விட்டுப் போகாதே என்று ஒரு பெண்ணிடம் அரசு சொல்கிறது. பிள்ளையைக் கொண்டுவராதே என்று இன்னொரு பெண்ணிடம் அமைதி வரிசை விற்கும் நிறுவனம் சொல்கிறது. தகப்பன்மாரிடம் எவரும் எதுவும் சொல்வதில்லை. இந்த இரண்டு கட்டளைகளுக்குமிடையில் அகப்பட்ட இரண்டு பெண்கள், ஒருவரின் மொழி மற்றவருக்குத் தெரியாமல், ஒரு குழந்தையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஐந்து மணி நேரம் அந்த வரிசையில் ஒரு சிறு சமுதாயம் இருந்தது. அதற்கு 45 யூரோ தேவைப்படவில்லை.

"அப்படியானால் குழந்தை வளரும்வரை வீட்டில் இருக்கலாமே" என்று புத்தி சொல்வோரும் உண்டு. உல்லாசப் பிரயாணம் போகிறவருக்கு அந்தப் புத்தி பொருந்தலாம். குறித்த திகதிக்குள் போகாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும் என்ற நிலையிலுள்ள பெண் எப்படி இருப்பாள்? தகப்பன் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்ட குழந்தை இன்னும் எத்தனை வருடம் திரையையே தகப்பனென்று நம்பும்? இனி மறுபக்கம். கண்பார்வை மங்கிவரும் கிழவி ஒருத்தி முல்லைத்தீவில் பேரப்பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் காத்திருக்கிறாள். பிள்ளை அழாத வயதை அடையும்வரை அவள் உயிரோடிருப்பாளென்று யார் உத்தரவாதம் கொடுப்பார்? குடும்பங்களைச் சிதறடித்தது வரலாறு. சிதறியவர்களை ஒட்டவைக்கும் நூல் இன்று விமானப்பாதைதான். அந்த நூலில் குழந்தைகளைக் கோக்காதே என்பவன், எங்களைச் சிதறியபடியே கிடக்கச் சொல்கிறான்.

என்ன செய்ய வேண்டும்? இருக்கைக் கச்சையோடு கூடிய தனி இடம் ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும். அதன் செலவை எல்லாப் பயணச்சீட்டுகளிலும் பகிர வேண்டும். தொட்டில் வரிசை, கைக்குழந்தையோடு வருபவருக்குக் கொடுத்தபின்னரே மற்றவருக்கு விற்கப்பட வேண்டும். இவற்றை நாம் தனியே சாதிக்க முடியாது. உலகெங்குமுள்ள பிரயாணிகளும் விமானத் தொழிலாளரும் சேர்ந்து கேட்க வேண்டியவை. ஜான் பிரவுண் போன்ற ஒரு தொழிலாளியே அந்தக் குரலை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் நாம் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பயணச்சீட்டு விற்கும் முகவர்கள், தொட்டில் இருக்கையை எப்படிக் கேட்பது, மாறும் நிலையத்தில் உதவியாளரை எப்படிப் பதிவுசெய்வது, இறங்கும்போது பாலூட்ட வேண்டும் என்ற விபரங்களை ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். தடிமனும் காதுநோவும் உள்ள குழந்தையைப் பறக்குமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டுமென்பதைத் தாய்சேய் கிளினிக்கில் மருத்துவமாது சொல்லலாம். மாதர் சங்கங்கள், போய் வந்த பெண்களை அழைத்துப் போகப்போகும் பெண்களோடு பேசவைக்கலாம். போகும் கனவான்கள் இரண்டு கையையும் நீட்டலாம். கோவில் கோபுரத்துக்குக் கொடுப்பதைவிட அது மலிவான தர்மம்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. இனி வன்னிக் குழந்தைகள் இன்னும் அதிகமாகப் பறப்பார்கள். எங்கள் கிராமங்களுக்கு மேலாக விமானம் போகும்போது வயலில் நிற்கும் வயதானவர்கள் இன்றும் ஒரு கணம் அசையாமல் நிற்பதைக் காண்கிறேன். என் வகுப்பிலுள்ள சிறுவர்களோ யன்னலுக்கு ஓடிக் கையசைக்கிறார்கள். அந்தக் கையசைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் மாணவிக்கு அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். பிள்ளை, உன் பிள்ளை அழுதது பிழையன்று. அதற்குக் காது நொந்தது, அழுதது. நொந்ததை நொந்ததென்று உரக்கச் சொல்லத் தெரிந்த ஒரே பிரயாணி அந்த விமானத்தில் அதுதான். முழங்கால் நொந்தும், நாரி நொந்தும், காசு கொடுத்தும் வாய் திறவாமல் இருந்த பெரியவர்கள் அதைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது பிள்ளையை அடக்கச் சொன்னால் நீ கழிவறை வாசலுக்குப் போகாதே. உன் இருக்கையிலேயே இரு. குழந்தையை அவரிடம் நீட்டி, "ஐயா, கொஞ்சம் பிடியுங்கோ" என்று சொல்.